ஒன்பது வீட்டு டி.வி.யை நிறுத்திய கதை

பள்ளிக்கூடத்தின் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, வண்ணார்பேட்டையைப் பார்த்து நடக்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் என் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. தார் ரோடு சொல்லித்தான் தெரிந்தது. மணி பதினொன்றரை. பாளையங்கோட்டை வெயில்.

திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். ஆனால் செருப்பு கிடந்தது முன்வாசலில். முன்வாசலுக்கு உள்ளே என் முதலாளி இருந்தார், என் அக்கா இருந்தாள், எங்கள் தெருவின் அப்பாமார்கள் பாதிப் பேர் இருந்தார்கள். செருப்பா உயிரா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். (நின்றால் கால் இன்னும் சுட்டது.) நடந்துவிட்டேன்.

வேலையை விட்டு ஓடிவருவது எனக்குப் புதிதல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். சாத்தான்குளத்தில் பரோட்டாக் கடை, தென்காசியில் மரக்கடை, நாகர்கோவிலில் லாட்ஜ், திருப்பூரில் பனியன் கம்பெனி என்று எட்டாம் வகுப்பை முடித்த நாளிலிருந்து பதினொரு வேலையை விட்டிருக்கிறேன். எல்லா இடத்திலிருந்தும் பையோடும் செருப்போடும் கௌரவமாகத்தான் கிளம்பினேன். வெறுங்காலோடு ஓடியது பன்னிரண்டாவது வேலையில் மட்டும்தான்.

பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் என்னைத் தாண்டாமல் மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, முதுகுல என்னமோ எழுதியிருக்கு வே."

"தெரியும்."

"எழுத்து எல்லாம் திரும்பிக் கிடக்கு. வாசிக்க முடியல."

"நல்லது அண்ணாச்சி."

அவர் விடுகிற மாதிரி இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, "ஏழரைன்னு ஒரு எடத்துல இருக்கு. அப்பான்னு இருக்கு..." என்று கூட்டிக் கூட்டி வாசித்தபடி பாதித் தூரம் கூடவே வந்தார். நான் அன்றைக்கு நல்ல சட்டை என்று வெள்ளைச் சட்டையைப் போட்டுப் போயிருந்தேன். அதில் அந்த எழுத்து எப்படி ஏறியது என்பதுதான் இந்தக் கதை.

நான் பிறந்து வளர்ந்தது மாஞ்சோலை மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் நாங்கள் பார்ப்போம். மழை பெய்யும். காலில் அட்டை ஏறும். விளம்பரம் வரும்போதுதான் குனிந்து பிய்த்துப் போடுவோம். டி.வி.யை உட்கார்ந்தும் பார்க்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிய வந்த சங்கதி.

தோட்டத்தை மூடி, ஆட்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிய சமயத்தில் நான் திருப்பூர் வேலையிலிருந்து இறங்கியிருந்தேன். போக இடம் என்றால் பாளையங்கோட்டையில் எஸ்தர் அக்கா வீடு ஒன்றுதான். அக்காவின் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருந்தார். அக்கா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வருவாள். ஒரே மகள் ஜெனி, ஐந்தாம் வகுப்பு, மூக்கைவிடப் பெரிய கண்ணாடி.

நான் பையை இறக்கி வைப்பதற்குள் அக்கா வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

"இங்கன இரு. வேண்டாங்கல. ரெண்டே விசயம். கெடைக்க வேலையில ஒழுங்கா நிக்கணும். அப்புறம், பிள்ளைக்கு டிவி ஒரு மணி நேரந்தான். போன வருசத்துக்கு இந்த வருசம் கண்ணு பவர் கூடிட்டு, டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாவ. ரெண்டுல எது தப்புனாலும் இந்தப் பைய நானே தூக்கி வெளிய வச்சிருவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்."

சரி என்றேன். (எனக்குச் சரி சொல்வதில் எப்போதும் கஷ்டமே இருந்ததில்லை.)

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் காவல் வேலை இருக்கிறது என்று அக்கா விசாரித்து வைத்திருந்தாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் இரவு பத்து வரை என்று கேட்டதும் எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அதற்குப் பதிலாக அதே தெருவில் இருந்த சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் கேபிள் லைன்மேனாகச் சேர்ந்தேன். அண்ணாச்சிதான் எங்கள் பகுதிக்கு டி.வி. இணைப்பு கொடுப்பவர். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் ஏறி, அறுந்ததை ஒட்டி, கழன்றதை மாட்டுவது என் வேலை. அக்கா வீட்டுக்கு நேர் எதிரேதான் எங்கள் தெருக் கம்பம். அதில் இரண்டு பெட்டி. பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர். மூன்று சுற்றுச் சுற்றினால் வயர் கழன்றுவிடும், அந்த வீட்டு டி.வி. நின்றுவிடும்.

இந்த மூன்று சுற்றைத்தான் காந்திமதி அக்கா கண்டுபிடித்தாள். அவள் மாவு அரைத்து விற்பவள், இரண்டு பையன்கள். ஒரு நாள் ஏணிக்கு அடியில் வந்து நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, ஏழு மணியானா எங்க வீட்டு லைன மட்டும் பைய பிடுங்கிருதியா? நாஞ் சொன்னா ரெண்டும் எந்திரிக்க மாட்டேங்கு. கேபிள் ரிப்பேர்னா பேசாம பொஸ்தகத்த எடுக்கும்."

"எப்பத் திரும்ப மாட்டணும்?"

"ஒம்போதுக்கு. நான் சீரியல் பாக்கணும்லா?"

அன்றைக்கு ஏழு மணிக்குப் பிடுங்கினேன். காந்திமதி அக்கா ஜன்னலுக்கு வந்து தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "ஏ லைன்காரரே! என்ன லட்சணத்துல வே லைன் வச்சிருக்கீரு? பிள்ளைய ஆசையா பாத்துக்கிட்டு இருக்குதுவ!" மறுநாள் காலையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய இட்லி மாவு வந்தது.

அம்மாமார்களுக்குள் இந்த மாதிரிச் செய்தி எந்த வயரும் இல்லாமலே போகும். இரண்டு வாரத்தில் எட்டு வீடு சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஆறரை, ஒரு வீட்டுக்கு ஏழேகால், ஒரு வீட்டில் பரீட்சை முடிகிற வரை வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. எந்த வயர் எந்த வீடு என்று குழம்பாமல் இருக்க, அக்கா கடையிலிருந்து வந்த வெட்டுத்துணியைக் கிழித்து ஒவ்வொரு வயரிலும் ஒரு நிறம் கட்டினேன். மாவு வீடு மஞ்சள். தையல்கார வீடு பச்சை. அப்பாமாருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியாது. லைன் போய்விட்டது என்று அண்ணாச்சிக்குப் புகார் போகும், அவர் என்னை அனுப்புவார், நான் அரை மணி நேரம் கம்பத்தைப் பார்த்துவிட்டு, "ஈரம் இறங்கியிருக்கு அண்ணாச்சி" என்பேன்.

ஒன்பதாவதாக வந்தது கோமதி அக்கா. சங்கரபாண்டி அண்ணாச்சியின் மனைவி.

"அக்கா, மொதலாளி வீட்டுலயேவா?"

"அவர் உக்காந்தா பிள்ளைய ரெண்டும் உக்காந்துருது. அவர எழுப்ப என்னால முடியல. ஏழரைக்கு லைனப் பிடுங்கி நீ எழுப்பு."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். சிவப்புத் துணி கட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கேபிள் நடத்துகிறவர் வீட்டிலேயே தினமும் ஏழரைக்கு டி.வி. போகிறது! அண்ணாச்சி வீட்டு செட்டாப் பாக்ஸை மாற்றினார். வீட்டுக்குள் ஓடிய வயரை மாற்றினார். டி.வி.யையே மாற்றினார். கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஏழு மிளகாயையும் கோத்து என் கையில் கொடுத்தார்.

"எவனோ செய்வினை வச்சிருக்காம்ல. இதக் கம்பத்துல கட்டு."

நானே ஏறி, நானே கட்டினேன். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தவர், "அது என்னலே செவப்புத் துணி?" என்றார்.

"காக்கா உக்காராம இருக்க அண்ணாச்சி. பயப்படும்."

"நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இறங்குவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பத்தாவது வீட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. அது எங்கள் வீடு. அதன் வயரில் நான் எதுவும் கட்டவில்லை. ஐந்தேகால் மணிக்கு நானும் ஜெனியும் சோபாவில் உட்காருவோம். எழுந்திருக்கும்போது ஒன்பதேகால் ஆகிவிடும். இடையில் விளம்பரம் வந்தால் அவளே சொல்லுவாள்: "மாமா, விளம்பரம் போட்டுட்டாங்க. ஓடிப் போய்ப் பச்சை வீட்டப் பிடுங்கிட்டு வாங்க." நான் ஏணியில் ஏறிப் பிடுங்கிவிட்டு, விளம்பரம் முடிவதற்குள் திரும்பிவிடுவேன். எழுந்ததும் டி.வி.யை நிறுத்தி, அதன் முதுகில் ஈரத்துணி போட்டுச் சூட்டை ஆற்றி, ஜெனி கையில் புத்தகத்தைக் கொடுப்பேன். அக்கா வந்து, "எவ்வளவு நேரம் பாத்தா?" என்பாள். "ஒரு மணி நேரந்தான்" என்பேன். சொல்லும்போது ஜெனி தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டில் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கிறார்கள் என்று விசாரித்து, பெரிய அட்டையில் எழுதி வர வேண்டும்.

"பத்து வீட்டுக்கும் போய்க் கேக்கணும் மாமா" என்று ஜெனி முகத்தைச் சுருக்கினாள்.

"எதுக்குப் போகணும்? நான் சொல்லுதேன், எழுது."

இந்த வாழ்க்கையில் பள்ளிக்கூடப் பாடம் ஒன்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்த ஒரு தடவைதான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மஞ்சள் வீடு, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, ஒன்றரை மணி நேரம். பச்சை வீடு, முக்கால் மணி நேரம். பேர் எதுவும் வேண்டாம், நிறம் மட்டும் போடு, அப்போதுதான் யாருக்கும் சங்கடம் இல்லை என்றும் சொன்னேன். (எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.) எட்டு வீடு வந்தது. "இன்னும் ரெண்டு குறையுது மாமா." யோசிக்காமல் சிவப்பு வீட்டையும் சொல்லிவிட்டேன். "பத்தாவது நானே எழுதிக்கிடுதேன்" என்றாள். அதற்குள் விளம்பரம் முடிந்திருந்தது. நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பெற்றோர் கூட்டம். அக்காவுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை, என்னைப் போகச் சொன்னாள். பர்மிஷன் கிடைத்தால் பதினோரு மணிக்கு எட்டிப் பார்க்கிறேன் என்றாள். நான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னாடியே போய்விட்டேன்.

கூடத்தில் அட்டைகளை எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நட்டநடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது ஜெனியின் அட்டை. அருகில் போய்ப் பார்த்தேன். 'வீடு', 'எவ்வளவு நேரம்', 'எப்போது நிற்கும்', 'ஏன் நிற்கும்' என்று நான்கு கட்டம். நான் எழுதச் சொல்லாத நான்காவது கட்டத்தையும், விளம்பர நேரத்தில் நான் உளறியதை வைத்து அவளே நிரப்பியிருந்தாள். அதைவிட மோசம், நிறங்களை அவள் எழுதவில்லை. நான் வயரில் கட்டிய துணியின் மிச்சத்தையே வெட்டி ஒட்டியிருந்தாள். கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே சிவப்பு, அதே பூப்போட்ட மஞ்சள்.

அட்டையின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன். பசை இன்னும் காயவில்லை. சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தலைமை ஆசிரியை குரல் கேட்டது.

"ஜெனியோட மாமாவா? நல்லாச் செஞ்சிருக்கா இல்ல?"

"ஆமா டீச்சர்" என்று திரும்பி, அட்டையின் மேல் அப்படியே சாய்ந்துகொண்டேன்.

"உட்காருங்களேன்."

"இடுப்பு வலி டீச்சர். சாஞ்சுதான் நிக்க முடியும்."

கூட்டம் சேர்ந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பள்ளிக்கூடம்தான். காந்திமதி அக்கா வந்தாள், தையல்காரர் வந்தார், ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் சங்கரபாண்டி அண்ணாச்சி வந்து நேரே என் பக்கத்தில் நின்றார்.

"ஏலே, நீ இங்கன என்ன செய்யுத?"

"மருமகளுக்காக வந்தேன் அண்ணாச்சி."

"நேத்தும் போயிட்டுல. சரியா ஏழரைக்கு. நானும் மணி பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." அவர் குரலில் கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி பயந்துபோயிருந்தார். "ஏன்ல இப்படி வேர்க்கு உனக்கு?"

வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலே நகராமல் நின்றேன். மின்விசிறிக் காற்றில் அட்டையின் ஓரம் படபடக்கும்போதெல்லாம் கையைப் பின்னால் விட்டு அமுக்கினேன். பதினோரு மணி ஆயிற்று. கூட்டம் முடியப் போகிறது, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"முதல் பரிசு, ஐந்தாம் வகுப்பு ஜெனி" என்றார் தலைமை ஆசிரியை. "அந்த அட்டையை அவளே வாசிப்பாள். மாமா, கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க."

நகரவில்லை. இரண்டாவது தடவை சொன்னார். முன்னூறு கண் என்னைப் பார்த்தது. நகர்ந்தேன். முதுகு பிசுக்கென்று அட்டையிலிருந்து பிரிந்தது. ஜெனி எழுதிய ஸ்கெட்ச் பேனா மை பாதி என் சட்டைக்கு வந்துவிட்டது, ஆனால் மீதி நன்றாக வாசிக்கும்படியே இருந்தது.

ஜெனி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று வாசித்தாள். "மஞ்சள் வீடு. ஒன்றரை மணி நேரம். ஏழு மணிக்கு நிற்கும். காரணம், மாவு அக்கா சொன்னதால் எங்கள் மாமா வயரைப் பிடுங்குவார்."

பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 'மாவு அக்கா' பேர் இல்லை என்று அவள் நினைத்திருக்கிறாள்.

காந்திமதி அக்கா குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள். அவள் வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து பச்சை. அடுத்து ஊதா. வரிசை வரிசையாக அம்மாமார்கள் குனிந்தார்கள், அப்பாமார்கள் திரும்பினார்கள். என் கண் கதவிலேயே இருந்தது, அக்கா வந்துவிடக்கூடாதே என்று.

"சிவப்பு வீடு. ஒன்றரை மணி நேரம். ஏழரைக்கு நிற்கும். காரணம், அப்பா எழுந்திருக்க மாட்டார்."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் அந்தத் துணியைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"காக்காவாலே?" என்றார்.

அப்போது அக்கா வாசலில் வந்து நின்றாள். கடைச் சீருடைச் சேலை, கையில் மகளைப் படம் எடுக்க போன்.

"பத்தாவது, எங்கள் வீடு" என்றாள் ஜெனி. "நான்கு மணி நேரம். நிற்காது. காரணம், மாமா பார்க்கிறார்."

தலைமை ஆசிரியை மட்டும் கை தட்டினார். "இவ்வளவு வீட்டில் நிறுத்தியிருக்கிறாரே, மாமா மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். மேடைப் படியும் பக்கவாசலும் அடுத்தடுத்து இருந்தன. நான் மரியாதையாகப் படி வரைக்கும் போனேன். அப்புறம் பக்கவாசல் வழியாக வெளியே போனேன்.

இப்படித்தான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். ஆற்றுப் பாலம் வந்தது. தாண்டினால் ஜங்ஷன், பஸ் எங்கேயும் போகும். பை அக்கா வீட்டில் இருந்தது. அதை அவள் வெளியே வைத்திருப்பாள், அதைப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பாலத்தின் நிழல் பக்கம் ஒதுங்கி உள்ளங்காலைப் பார்த்தேன். கொப்புளம்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கி என் முன்னால் இரண்டு செருப்பை வீசினாள்.

"செருப்ப விட்டுட்டு எங்கல போற?"

நான் ஜங்ஷன் பக்கம் பார்த்தேன்.

"ஊர்ப் பிள்ளைய கண்ணெல்லாம் உனக்குத் தெரியுது. ஏணி போட்டு ஏறி ஏறிப் பாத்திருக்க. எம் பிள்ளை கண்ணு தெரியலயாக்கும்?"

"அக்கா, அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னு நின்னு பாத்தவன் நான். ஒரு சோபா கெடைக்கவும்..."

"பக்கத்துல நான் நிக்கலயால? எங் காலுல அட்டை ஏறலயா?" அவள் குரல் உடைந்தது. "அதுக்காக நான் எம் பிள்ளைய நாலு மணி நேரம் உக்கார வச்சிருக்கனா?"

கீழே தாமிரபரணியில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையத் தூக்கி வெளிய வைக்கத்தான் மொதல்ல வீட்டுக்குப் போனேன்" என்றாள். "கூட வந்த பிள்ளை அழுதா. மாமாவ மாட்டிவிட்டுட்டேன்னு அழுதா. வீட்டு டிவி வயர நானே கழட்டிட்டேன், இனி அத விடு. நாளைக்குக் காலையில கங்கைகொண்டான். வாரேன்னா செருப்பப் போடு. இல்லன்னா பாலத்தத் தாண்டிப் போய்க்கிட்டே இரு."

செருப்பைப் போட்டேன். இடது செருப்பு சரியாக இருந்தது. வலது செருப்பு இரண்டு விரல் அளவு பெரிதாக இருந்தது. அவசரத்தில் அக்கா எடுத்துவந்தது யாருடையதோ. சங்கரபாண்டி அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார் என்று சாயங்காலம் தெரிந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோமதி அக்கா வந்து வாங்கிப்போனாள். ஏழரைக்கு இப்போது அவரே எழுந்துவிடுகிறார் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

அந்தத் தெருவில் கரண்ட் போனால்கூட இன்றைக்கும் யாராவது ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள்: "எஸ்தரு, உம் தம்பி ஏறிட்டானாக்கும்!" ஜெனி இப்போது எட்டாவது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் என்னை அறிமுகம் செய்யும்போது, "இது எங்க மாமா. நிற்காது" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கங்கைகொண்டானில் அந்தக் கம்பெனி வாசலில் நின்றேன். அக்காவும் கூட வந்திருந்தாள், ஓடிவிடுவேனோ என்று. சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டுல ஆள் இருக்கு. உள்ள ஒரு வேலை இருக்கு, யாரும் நிக்க மாட்டேங்கான். பாப்பீரா வே?" என்று ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத அறை. சுவரில் பெரிய டி.வி. அதில் பதினாறு கட்டம். ஒன்றில் கேட், ஒன்றில் குடோன், ஒன்றில் சுவர், இன்னொன்றில் இன்னொரு சுவர்.

"கேமரா. இதப் பாத்துக்கிட்டே இருக்கணும். எட்டு மணி நேரம். கண்ண எடுக்கக்கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து சிரிக்காதவள், சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சரி என்றேன். உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லாரி வந்தது. இரண்டாவது மணி நேரத்தில் அது போயிற்று. நாற்காலி மட்டும் நல்ல நாற்காலி.